சம்மன்ஸ் போகிறது, ஆள் வரவில்லை: செட்டிநாட்டு லாட்ஜ் அன்பர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன்

செயலாளர்_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு இரண்டு வருஷமாகச் செயலாளராக இருக்கிறேன். ரூம் போடுகிற லாட்ஜ் என்று நினைத்து இழையைத் திறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது ஒரு சகோதரச் சங்கம். கல்வேலைக்காரர்களின் மூலைமட்டம், காம்பஸ் போன்ற கருவிகளை ஒழுக்கத்துக்கு அடையாளமாக வைத்துப் பாடம் சொல்வார்கள். கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்த மதமாகவும் இருக்கலாம். கூட்டத்துக்குள் மத விவாதமும் அரசியலும் கூடாது. இந்திய கிராண்ட் லாட்ஜ் தனியாக அமைந்தது 1961 நவம்பர் 24இல்.

போன சனிக்கிழமை எங்கள் மாதக் கூட்டம். பதிவேட்டில் 43 பேர், வந்தது 8 பேர். மூவர் ஆள்வர், ஐவர் நடத்துவர், எழுவர் சேர்ந்தால் முழுமை என்று லாட்ஜில் பழைய வாக்கு ஒன்று உண்டு. டைலர் வாசலுக்கு வெளியே காவல் நிற்க வேண்டும், அவரைக் கழித்தால் உள்ளே சரியாக ஏழு பேர். டீக்கன் (சடங்கில் மாஸ்டருக்கு, அதாவது லாட்ஜ் தலைவருக்கு, உதவுபவர்) நாற்காலி காலியாக இருந்ததால் நானே அதில் உட்கார்ந்தேன், எழுந்து வந்து மினிட்ஸ் (போன கூட்டக் குறிப்பு) வாசித்தேன், மறுபடி போய் அங்கேயே உட்கார்ந்தேன். சமையல்காரர் 25 பேருக்குச் சமைத்திருந்தார். மிஞ்சிய சாப்பாட்டை ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. தூக்கமே வரவில்லை.

எங்கள் லாட்ஜில் இல்லாத ஆளே இல்லை. சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அழகப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர், புதுவயலில் அரிசி ஆலை வைத்திருப்பவர், ஜவுளிக்கடை பாய், தேவகோட்டையிலிருந்து வரும் வாத்தியார் (கிறிஸ்தவர்), பல் டாக்டர், வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற செட்டியார்கள். 28 வயதிலும் ஆள் உண்டு, 84 வயதிலும் உண்டு. வெளியே ஒரே திண்ணையில் இவர்கள் எல்லோரும் உட்கார வாய்ப்பே கிடையாது. அதற்காகவே இது அழியக் கூடாது என்று நினைக்கிறேன்.

சந்தாவை முக்கால்வாசிப் பேர் ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள், ஆள்தான் வருவதில்லை. வாட்ஸாப் குரூப்பில் சம்மன்ஸ் (எங்கள் கூட்ட அழைப்புக்கு அதுதான் பேர்) போட்டால் கட்டைவிரல் விழுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர்

நல்ல கேள்வி. லாட்ஜ் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரிச்சுவல் (சடங்கு) வரிகளை இங்கே எழுத வேண்டாம், யார் பெயரையும் போட வேண்டாம்.

தேவகோட்டை_வக்கீல்

பிரதர், நான் உங்கள் லாட்ஜ் இல்லை. மதுரையில் ஒன்றில் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு விருந்தாளியாக இரண்டு தடவை வந்திருக்கிறேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

சம்மன்ஸில் ஆறு மணி என்று இருந்தது. மாஸ்டர் சுத்தியலைத் தட்டியது ஏழே காலுக்கு. நடுவில் மினிட்ஸ் மேல் ஒரு வாக்குவாதம், கணக்கு மேல் ஒன்று. இலை போடும்போது பத்து மணி. வெளியூர்க்காரன் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே விழுங்குவான். அடுத்த மாதம் அவனுக்கு முன்னால் ஞாபகம் வருவது அந்த பஸ்தான்.

நேரத்தைப் பற்றிக் காரைக்குடிக்காரருக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் உங்கள் ஊரில்தான் கம்பன் விழாவைத் தொடங்கினார். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதற்கே அந்த மேடை பேர் வாங்கியது. இன்றுவரை விழா நடக்கிறது, நாட்டரசன்கோட்டைவரை கூட்டம் போகிறது. பேசுபவர் வேறு கட்சி, கேட்பவர் வேறு சாதி. நேரம் கெட்டிருந்தால் அந்தக் கூட்டமும் கலைந்திருக்கும்.

ஆறு மணிக்கு நாலு பேர்தான் இருக்கிறார்களா? மாஸ்டர் உடுப்பு மாட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டு மாதம் அப்படி நின்று பாருங்கள். நிதி, கடிதம், பில் எல்லாவற்றையும் கமிட்டியில் முடித்துவிட்டு ஒரு தாளில் கொடுங்கள். மேடைக்கு அவை வர வேண்டியதில்லை.

பள்ளத்தூர்_வளவு

தம்பி செயலாளர், எனக்கு வயது 76. நான் வராமல் போன கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

எங்கள் நகரத்தாரில் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளி என்போம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனிப் புள்ளி. கோயில் கணக்கில் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பேர் ஏறுவதோடு அது முடிந்துவிடாது. நல்லது கெட்டது எதுவானாலும் வீடு தேடிவந்து சொல்ல வேண்டிய ஆள் என்று அர்த்தம். சொல்லாமல் விட்டால் அது குற்றம், பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். இந்த மண்ணில் அழைப்பு என்பது முகப்பில் வந்து நின்று சொல்வது. வாட்ஸாப்பில் போடுவதை நாங்கள் தகவல் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

மூன்று வருஷம் முன்னால் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தேன். என் லாட்ஜிலிருந்து (ஊரைச் சொல்லவில்லை) ஒருத்தர் வரவில்லை. ஆனால் இரண்டு சம்மன்ஸும் ஒரு சந்தா நினைவூட்டலும் வந்தன. சம்மன்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்துக் கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று என் மருமகள் பயந்தே போனாள்.

ஆறாவது மாதம் ஒருத்தர் வந்தார். சென்னை லாட்ஜ்காரர், காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், முஸ்லிம். முன்பின் பழக்கமில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, என்னைப் பிடித்து வளவுவரை (வீட்டு நடு முற்றம்) நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். போகும்போது என் செருப்பைத் திருப்பி, நான் கால் நுழைக்க வசதியாகக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவரைத்தான் இன்றைக்கும் பிரதர் என்று வாய் நிறையச் சொல்கிறேன்.

ஆல்மனர் என்று ஒரு பதவியை எதற்கு வைத்திருக்கிறார்கள்? நோயாளியையும், காலமானவரின் மனைவியையும் போய்ப் பார்க்கத்தானே. உங்கள் ஆல்மனர் கடைசியாக யார் வீட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

திருச்சி_மூத்தவர்

எல்லாம் சரிதான் ஐயா. ஆனால் நடைமுறை வழி புது ஆட்களைச் சேர்ப்பதுதான். வருஷத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் நாலு பேராவது நிலைப்பார்கள். காரைக்குடியில் டாக்டர்கள், ஆடிட்டர்கள் நிறைய இருக்கிறார்கள். ரோட்டரியும் லயன்ஸும் அப்படித்தானே வளர்கின்றன?

தேவகோட்டை_வக்கீல்

திருச்சி ஐயா, மன்னிக்கணும், இதை நான் ஏற்க மாட்டேன். ஆள் தங்காத இடத்தில் மேலும் ஆளைக் கொண்டுவந்து விட்டால் ஆறு பேர் கசந்துபோய்த்தான் திரும்புவார்கள். சின்ன ஊர். அந்த ஆறு பேர் அறுபது பேரிடம் சொல்வார்கள்.

அரிசி_ஆலை_புதுவயல்

நான் இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நானும் வராதவர்களில் ஒருத்தன்தான். செயலாளர் அண்ணனுக்கு நான் யாரென்று இப்போது தெரிந்துவிடும், பரவாயில்லை.

நான் எட்டாவதுவரை படித்தவன். ஆலையில் 22 பேருக்குச் சம்பளம் போடுகிறேன், பேங்க் மேனேஜரோடு பேசுகிறேன், நெல்லுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் போய் வருகிறேன். எங்கேயும் வாய் குளறியதில்லை. லாட்ஜில் மட்டும் குளறியது. எனக்கு டீக்கன் வேலை கொடுத்தார்கள். இங்கிலீஷ் ரிச்சுவலைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஆலையில் நெல் அவிகிற சத்தத்தில் நின்றுகொண்டு ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன். அன்றைக்கு நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. மூன்று பக்கமிருந்து மூன்று பேர் எடுத்துக்கொடுத்தார்கள், மூன்றும் வேறு வேறு வரி. ஒருத்தர் சிரித்தார். சாப்பாட்டில் இன்னொருத்தர் என் உச்சரிப்பை எல்லோர் முன்னாலும் திருத்தினார். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்.

கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். பதினோரு மாதம் ஆகிறது. சந்தா கட்டிவிட்டேன், அதில் பாக்கி இல்லை. ஏன் வரவில்லை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை அண்ணே. கேட்டிருந்தால் மறு மாதமே வந்திருப்பேன்.

செயலாளர்_காரைக்குடி

அண்ணே, யாரென்று தெரிந்துவிட்டது. பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே மாதா மாதம் ‘வரவில்லை’ என்று எழுதியது என் கைதான். எழுதினேனே தவிர, போன் எடுத்துக் கேட்கவில்லை. அது என் தப்பு. நேரில் வந்து பேசுகிறேன்.

ஓய்வு_விஞ்ஞானி

புதுவயல் பிரதர் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நீளத்துக்கு மன்னிக்கவும்.

முதலில், எடுத்துக்கொடுக்கும் விஷயம். எடுத்துக்கொடுப்பவர் ஒருத்தர் மட்டும்தான் இருக்க வேண்டும், மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரும் போன வருஷ மாஸ்டர். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கூட்டத்துக்கு முன் வாரம் ஒத்திகை வேண்டும். தப்பெல்லாம் ஒத்திகையில் நடக்கட்டும். சாப்பாட்டு இலையில் யாரும் யாரையும் திருத்தக் கூடாது என்று மாஸ்டர் ஒரு தடவை அழுத்திச் சொன்னால் போதும்.

அடுத்தது மொழி. நான் செட்டிநாட்டுக்காரன் இல்லை. சிக்ரியில் வேலை கிடைத்து 1978இல் வந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உண்டான நிறுவனம் அது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். தேசத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தவர்கள் நாங்கள். குவார்ட்டர்ஸ், லேப், குவார்ட்டர்ஸ் என்றே பத்து வருஷம் போயிருக்கும். ஊருக்குள் எனக்கு நாலு வீட்டு வாசலைத் திறந்துவிட்டது லாட்ஜ்தான்.

இங்கிலீஷ் எனக்குச் சுலபம். ஆனால் பொருள் புரிந்தது ஒரு பிள்ளையார்பட்டிச் சிற்பியிடம். பிள்ளையார்பட்டி வழிவழியாக ஸ்தபதிகள் வந்த ஊர். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதியும் அந்த ஊர்க்காரர்தான். சில வருஷம் முன் எங்கள் லாட்ஜ், கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிற்பியை அழைத்து அவர் கருவிகளைக் காட்டச் சொன்னது. குடும்பத்தோடு எல்லோரும் வந்தார்கள். ரகசியம் எதுவும் இல்லை, அவர் தொழிலை அவர் சொன்னார், அவ்வளவே.

சாக்குப் பையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூலைமட்டம். ரசமட்டம். தூக்குக்குண்டு. உளி, சுத்தியல். கடைசியில் முழக்கோல். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கீழே வைத்தார். “இதுல 24 அங்குலம்” என்றார். எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. லாட்ஜின் மூன்று படிகளில் முதல் படியில் நாங்கள் படிப்பதும் 24 பாகம் உள்ள அளவுகோல்தானே! நாளின் 24 மணி நேரத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதற்கு அடையாளம். அவருடைய அங்குலம் நம் விரல் கணக்கு, இங்கிலீஷ் இன்ச் இல்லை. எண் மட்டும் ஒன்று. எங்கள் ஆலைக்காரர் ஒருத்தர், இருபது வருஷ உறுப்பினர், அப்போதுதான் மெல்லச் சொன்னார்: “பிளம்ப் ரூல் பிளம்ப் ரூல்னு சொன்னீங்களே, தூக்குக்குண்டுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு அன்னைக்கே விளங்கியிருக்குமே.”

அதிலிருந்து ஒவ்வொரு படி ஏற்றுக்கும் முன்னால் முக்கால் மணி நேரம் தமிழில் விளக்கம் வைக்கிறோம். சடங்கு சடங்காகவே இங்கிலீஷில் நடக்கட்டும். என்ன நடக்கப் போகிறது, ஏன் என்பதைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும்.

சரித்திரமும் சொல்லுங்கள். இது வெள்ளைக்காரன் கிளப் என்று நினைக்கிறார்கள். சென்னையில் 1752இலேயே லாட்ஜ் இருந்தது உண்மை. ஆனால் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-களில் நம் திருச்சியில்தான் சேர்ந்தார். 1884இல் கல்கத்தாவில் நரேந்திரநாத தத்தர் என்ற கல்லூரி மாணவர் சேர்ந்தார், பிற்பாடு விவேகானந்தர் ஆனவர். இதைச் சொன்னால் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஜவுளிக்கடை_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

விஞ்ஞானி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மேடையில் கீதை, குர்ஆன், பைபிள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சில லாட்ஜுகளில் குரு கிரந்த சாஹிபும் அவெஸ்தாவும் இருக்கும். உறுதிமொழி எடுப்பவர் தன் வேதத்தின் மேல் கை வைத்துத்தான் எடுக்கிறார். நான் எடுத்த அன்று, குர்ஆனை எடுத்து வைத்தவர் ஓர் ஐயர். வைப்பதற்கு முன் கையைக் கழுவி, வேட்டியில் துடைக்காமல், தனியாக ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்து துடைத்துக்கொண்டார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது, அந்தத் துணி கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் அந்த மரியாதை காலண்டரிலும் இலையிலும் தெரிய வேண்டும். ரமலானில் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் நான் எப்படி வருவது? நோன்பு திறக்கும் நேரம் அது. கார்த்திகையில் மாலை போட்டவர் வருவார், அவருக்குத் தனியே சுத்தமான சமையல் வேண்டும். புரட்டாசியில் பாதிப் பேர் அசைவம் தொட மாட்டார்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நாளில் செட்டிநாட்டில் எவன் கூட்டத்துக்கு வருவான்? வருஷ ஆரம்பத்திலேயே எல்லா மதக் காலண்டரையும் மேசையில் வைத்துக்கொண்டு 12 தேதியைக் குறிக்க ஒரு சாயங்காலம் போதும்.

எங்கள் லாட்ஜில் ஒரு ரமலான் மாதம் கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றினார்கள். முடிந்ததும் யாரும் சாப்பிடவில்லை, பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பாங்கு சொன்னதும் எனக்குப் பேரீச்சம்பழம் நீட்டியவர் தேவகோட்டை வாத்தியார். என் வீட்டிலிருந்து ஒரு அண்டா நோன்புக்கஞ்சி கொண்டுவந்திருந்தேன். அன்றைக்கு 31 பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடு மது வைக்கிற லாட்ஜுகள் உண்டு. வைப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மேசை இரண்டாகப் பிரிகிறது, குடிக்காதவன் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறான். நம் பக்கத்தில் அது இல்லாமலே விருந்து நன்றாக நடக்கும்.

புதுசு_32

அண்ணன்களே, நான் பெங்களூர் கம்பெனிக்குக் கானாடுகாத்தானில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சேர்ந்து ஒன்றரை வருஷம். சேருகிறேன் என்றபோது எங்கள் அப்பத்தா அழுதுவிட்டது. “தலைவெட்டிக் கோயில்டா அது” என்று அது சின்னப் பிள்ளையில் கேட்ட கதையைச் சொல்லி நிறுத்தப் பார்த்தது. சண்டை போட்டுத்தான் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை நாற்காலி அடுக்குவது. அதில் கூச்சம் இல்லை, யாராவது அடுக்கத்தானே வேண்டும். ஆனால் எட்டு மாதம் அது மட்டும்தான். எனக்கென்று ஒரு மூத்தவர், சந்தேகம் கேட்க ஒரு ஆள் இல்லை. வீட்டில் “என்னடா செய்தீங்க அங்கே” என்று கேட்டால் சொல்லக்கூடியதைச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே தெரியாது. அதனால் பேசாமல் இருந்தேன், மனைவிக்குச் சந்தேகம் கூடியது. குடும்பத்தை ஒரு தடவை ஹாலுக்குள் கூட்டிவந்து காட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

பள்ளத்தூர்_வளவு

தம்பி, நம்ம ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டிக்கடை நடத்த) போன காலத்தில் கடையில் ஒரு வரிசை இருந்தது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள். பெட்டியடிப் பையனும் கடை கூட்டினான், விளக்குத் துடைத்தான். ஆனால் அடுத்தாள் பக்கத்தில் உட்கார வைத்து வட்டிச் சிட்டை போடச் சொல்லித்தந்தான். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் அவன் அடுத்த படிக்குத் தேறியிருக்க வேண்டும், தேறாவிட்டால் கேள்வி மேலாளுக்குத்தான். லாட்ஜிலும் மூன்று படி இருக்கிறது. உன்னை எட்டு மாதம் கூட்ட வைத்துவிட்டுச் சிட்டையைக் காட்டாதது மூத்தவர்கள் தப்பு.

அப்பத்தாவிடம் நான் வேண்டுமானால் வந்து பேசுகிறேன். கானாடுகாத்தான் பக்கம்தானே.

கல்_ஆத்தங்குடி

வேலையைக் கையில் கொடுத்தால் ஆள் வருவான் என்பதற்கு எங்கள் லாட்ஜ் தரையே சாட்சி.

மேசன் ஹாலில் நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை இருக்க வேண்டும். வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் கலந்திருப்பதற்கு அடையாளம். எங்களிடம் இருந்தது பிளாஸ்டிக் விரிப்பு, ஓரம் சுருண்டு ஆள் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. டைல்ஸ் வாங்கிப் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு. எங்களுக்கு ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை உண்டு, வாருங்கள், நாமே ஊற்றுவோம் என்றேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன் மேல் சட்டத்தை வைத்து, கறுப்புக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த பொடி, அப்புறம் ஈரக் காரை, மட்டம் தட்டி நிழலில் வைப்பு. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. பல் டாக்டர் ஒருத்தர் ஊற்றிய முதல் மூன்று கல்லும் ஓரம் உடைந்துவிட்டன. நாலாவது நன்றாக வந்தது. கண்ணாடியிலிருந்து கல் பிரிகிற சத்தம் கேட்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். தன் கல்லின் முதுகில் ஆணியால் பேரெழுத்தைக் கீறிவைத்தார். அதைப் பார்த்து எல்லோரும் கீறினார்கள்.

இப்போது தரையைப் பார்த்தால் கறுப்பு வெள்ளைதான் தெரியும், பேர் எல்லாம் அடியில் இருக்கிறது. ஆனால் யார் கல் எந்த வரிசையில் என்று ஊற்றியவனுக்குத் தெரியும். ஆடிக்கொரு தரம் வந்தவர்கள்கூட இப்போது வந்து தன் கல் மேல் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

சிங்கப்பூர்_கோட்டையூர்

வணக்கம். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருகிறேன். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க முடிந்தால் வருவேன், தைப் பொங்கலுக்கு நிச்சயம் வருவேன். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு எத்தனை பேர் எங்கிருந்தெல்லாம் வந்து இறங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரத்தில் லாட்ஜ் கூட்டம் ஒரு தடவைகூட இருந்ததில்லை. புது மாஸ்டர் பதவியேற்பை அந்த வாரத்தில் வைக்க விதி இடம் கொடுக்குமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் கூட்டமாவது வையுங்கள்.

தூரத்தில் இருப்பவனுக்கும் வேலை கொடுங்கள். பணம் மட்டும் கேட்காதீர்கள். எங்கள் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் செல்லரிக்கின்றன என்று கேள்விப்பட்டேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினால் நான் தட்டச்சு செய்து தருவேன். இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு நேரம் இருக்கிறது.

செயலாளர்_காரைக்குடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் பதில் போடாததற்கு மன்னிக்கவும், அலைந்துகொண்டிருந்தேன்.

வராத 35 பேரையும் ஊர்வாரியாகப் பிரித்தேன். ஆல்மனரும் நானும் மாஸ்டரும் சேர்ந்து இதுவரை 14 வீடு போயிருக்கிறோம். போன் செய்துவிட்டு, கையில் பழம் வாங்கிக்கொண்டு, சம்மன்ஸை அச்சடித்து நேரில். கூட்டத்துக்கு வாங்க என்று முதலில் பேசவே இல்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்டோம். இரண்டு வீட்டில் பையன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டுப் பேசினான், அப்பாவைப் பார்க்க ஆள் வந்ததற்கு நன்றி என்று. ஒரு வீட்டில் பிரதர் காலமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவருக்கும் சேர்த்துச் சம்மன்ஸ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆச்சி எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை. இனி மாதா மாதம் அவர்களைப் போய்ப் பார்க்கும் பொறுப்பை ஆல்மனர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எண்பத்து நாலு வயதுக்காரர் வீட்டுக்குப் போனோம். பட்டாலையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. லாட்ஜ் கூட்டத்தில் இடுப்பில் கட்டும் ஏப்ரனைக் கொண்டுவந்தார். ஆட்டுத்தோல் ஏப்ரன், மடித்த இடத்தில் மஞ்சளாகியிருந்தது, ஓரத்தில் ஒரு ரசகற்பூர உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. “மாசாமாசம் வெயில்ல காய வைக்கிறேன்யா, கூப்பிட்டா போறதுக்கு வேணுமேன்னு” என்றார். இராத்திரி அவருக்குக் கண் தெரியாதாம். பஸ் ஏற முடியாது. இவ்வளவுதான் காரணம். பல் டாக்டர் அந்த வழியாகத்தான் வருகிறார், காரில் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டார்.

முடிவு செய்தவை: கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும், எட்டரைக்குள் சாப்பாடு முடியும். எடுத்துக்கொடுப்பவர் ஒருவர் மட்டும். தேதிகளை ஜவுளிக்கடை பாயும் தேவகோட்டை வாத்தியாரும் குறிக்கிறார்கள். கானாடுகாத்தான் தம்பிக்கு விஞ்ஞானி ஐயாவே துணை. தை மாதம் குடும்பத்தோடு ஒரு சாயங்காலம், பிள்ளையார்பட்டியிலிருந்து சிற்பி வருகிறார். மினிட்ஸ் புத்தகம் முதல் 40 பக்கம் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டேன்.

புதுவயல் அண்ணனை நேற்று ஆலையில் போய்ப் பார்த்தேன்.

அரிசி_ஆலை_புதுவயல்

ஆமாம், வந்தார். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, அங்கேயே கயிற்றுக் கட்டிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது அந்த மறந்த வரியை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். நாலாவது தடவை வந்துவிட்டது.

ஒத்திகை புதன்கிழமை என்று சொன்னார். நான் அஞ்சே முக்காலுக்கு வந்துவிடுவேன் அண்ணே. டீக்கன் நாற்காலியில் வேறு யாரையும் போட்டுவிட வேண்டாம். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அரிசி என் ஆலையிலிருந்து. இருபத்தைந்து பேருக்கா, நாற்பது பேருக்கா என்று மட்டும் சொல்லுங்கள்.